உள்ளே போவது எளிது, வெளியேறுவதுதான் கணக்கு: மீனில் சேரும் வேதிப்பொருளை விரிதாளில் கணித்த பதிவு

தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற பழைய பூஞ்சைக்கொல்லி கரைந்திருக்கிறது. அதில் வாழும் மீனின் உடலில் கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் சேரும்? மீனில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் வருவது உயிர்ச்செறிவுக் காரணி. துறையில் பிசிஎஃப் என்பார்கள். ஐரோப்பாவின் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டத்தில் இந்த எண் 2,000-ஐத் தாண்டினால் அந்தப் பொருள் உடலில் சேர்வது, 5,000-ஐத் தாண்டினால் மிகவும் சேர்வது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் 5,000-ஐத்தான் பார்க்கிறது.

இதை ஆய்வகத்தில் அளக்க ஓஇசிடி 305 (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் சோதனை வழிகாட்டி) என்ற வழிமுறை உண்டு. ஓடும் நீரில் 28 நாள் பொருளை ஊட்டி, பிறகு சுத்த நீருக்கு மாற்றி, அது வெளியேறும் வேகத்தை அளக்க வேண்டும். மீன்கள் நிறைய வேண்டும், நாளும் பணமும் அதைவிட அதிகம். புழக்கத்தில் உள்ள ஆயிரக்கணக்கான பொருள்களுக்கும் இதைச் செய்ய முடியாது என்பதால் கணினிக் கணிப்பு வந்தது. கீழே இருப்பது எக்செல் அல்லது லிபரே ஆபீஸ் இருந்தாலே செய்யக்கூடிய கணிப்பு. எண்கள் எல்லாம் கையால் சரிபார்க்கக்கூடியவை.

முதல் ஓட்டம்: ஒரே பொருள், நான்கு விடை

எல்லாக் கணிப்பும் ஆக்டனால்–நீர் பங்கீட்டுக் கெழுவில் தொடங்குகிறது. ஆக்டனாலையும் நீரையும் ஒரே குடுவையில் வைத்துப் பொருளைப் போட்டால் எந்தப் பக்கம் எத்தனை மடங்கு போகிறது என்பதே அது. ஆக்டனால் இங்கே மீன் கொழுப்புக்குப் பதிலாள். இதன் பத்தடி மடக்கையை லாக் பி என்கிறோம். ஹெக்சாகுளோரோபென்சீனுக்கு லாக் பி 5.73, அதாவது கெழு சுமார் 5,37,000.

1979-இல் வீத் குழு தந்த நேர்கோடு: லாக் பிசிஎஃப் = 0.85 × லாக் பி − 0.70. விடை சுமார் 14,800.

1982-இல் மெக்கே தந்தது இன்னும் எளிது: பிசிஎஃப் = 0.048 × பங்கீட்டுக் கெழு. விடை சுமார் 25,800.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எபி சூட் மென்பொருள், அயனியாகாத பொருளுக்கு லாக் பி 1 முதல் 7 வரை பயன்படுத்தும் கோடு: லாக் பிசிஎஃப் = 0.6598 × லாக் பி − 0.333, அதன்மேல் அமைப்பைப் பொறுத்துச் சில திருத்தங்கள். திருத்தமில்லாமல் விடை சுமார் 2,800.

நான்காவது, அர்னாட், கோபாஸ் என்ற ஆய்வாளர்களின் வழியில் கீழே கட்டப்போகும் இயக்க மாதிரி, அதாவது பொருள் உள்ளே வரும், வெளியேறும் வேகங்களைக் கணக்கிடுவது. விடை சுமார் 20,500.

ஃபேட்ஹெட் மின்னோ மீனில் அளந்த மதிப்பு 18,000-ஐ ஒட்டியது. எபி சூட் கோடு மட்டும் ஏன் இவ்வளவு கீழே போகிறது? அந்தக் கோட்டில் தவறில்லை. மீன் சிதைத்துவிடும் பொருளும் சிதைக்க முடியாத பொருளும் ஒன்றாகக் கலந்த தரவுக்கு நடுவே வரைந்த கோடு அது. ஹெக்சாகுளோரோபென்சீனை மீனால் ஏறக்குறைய தொடவே முடியாது. ஆகவே அது சராசரிக்கு மேலே நிற்கிறது. சட்டம் கேட்பதோ 5,000-க்கு மேலா கீழா என்று. அந்தக் கேள்விக்கு, எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே விடையாகிவிடுகிறது. ஒற்றைக் கோட்டின் விடையை அறிக்கையில் எழுதி முடித்துவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

விரிதாளைக் கட்டுதல்

இயக்க மாதிரியில் மீன் ஒரு தொட்டி. ஒரு குழாய் வழியாகப் பொருள் உள்ளே வருகிறது, நான்கு துளை வழியாக வெளியே போகிறது. பிசிஎஃப் என்பது உள்ளெடுப்பு வேகத்தை வெளியேற்ற வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. முதல் மூன்று நெடுவரிசையில் மீனின் எடை (கிலோவில்), கொழுப்புப் பங்கு, நீரின் வெப்பநிலை. தொடக்கத்துக்கு 0.01 கிலோ, 0.05, 15 டிகிரி. இந்த மூன்றையும் ஏன் இப்படி எடுத்தோம் என்பதற்குக் காரணம் உண்டு: ஓஇசிடி 305 முடிவுகளை 5 விழுக்காடு கொழுப்புக்கு மாற்றித்தான் சொல்லச் சொல்கிறது; எபி சூட் கணிக்கும் வளர்சிதை மாற்ற வேகம் (மீனின் உடல் பொருளைச் சிதைக்கும் வேகம்) 10 கிராம் மீனுக்கும் 15 டிகிரிக்கும் சீராக்கப்பட்டது. வேறு எடையில் தொடங்கினால் பின்னால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

உள்ளெடுப்பு வேகம் = 1 ÷ [(0.01 + 1 ÷ கெழு) × எடையின் 0.4 அடுக்கு]. அலகு, கிலோ மீனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்.

செவுள்வழி வெளியேற்றம் = உள்ளெடுப்பு வேகம் ÷ (கொழுப்புப் பங்கு × கெழு).

மலவழி வெளியேற்றம் = 0.125 × உணவுவழி உள்ளெடுப்பு. அந்த உணவுவழி உள்ளெடுப்பு = 0.02 × எடையின் −0.15 அடுக்கு × எக்ஸ்ப்(0.06 × வெப்பநிலை) ÷ (0.000000051 × கெழு + 2). எக்ஸ்ப் என்பது 2.718 என்ற இயல் அடிமானத்தின் அடுக்கு.

வளர்ச்சியால் நீர்த்தல் = 0.0005 × எடையின் −0.2 அடுக்கு. பொருள் எங்கும் போவதில்லை. மீன் பெருப்பதால் கிலோவுக்கான அளவு குறைகிறது.

நான்காவது துளை வளர்சிதை மாற்றம். அதை இப்போதைக்குச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம்.

ஹெக்சாகுளோரோபென்சீனுக்கு வர வேண்டியவை: உள்ளெடுப்பு 630.8, செவுள் 0.0235, மலம் 0.0061, வளர்ச்சி 0.0013. கூட்டினால் நாளொன்றுக்கு 0.0308. வகுத்தால் 20,480. இந்த எண்கள் வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

வழக்கமாக நடக்கும் பிழை எடையில்தான். கிலோவுக்குப் பதில் கிராமில் 10 என்று போட்டால் விரிதாள் அதைப் பத்துக் கிலோ மீன் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளெடுப்பு 39.8 ஆகும், பிசிஎஃப் சுமார் 10,100. பாதிதானே குறைந்திருக்கிறது, பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும். பத்தாயிரம் மடங்கு தப்பிய விடையை யாரும் உடனே பிடித்துவிடுவார்கள், இரு மடங்கு தப்பியதைப் பிடிக்க மாட்டார்கள். அதனால் உள்ளெடுப்பு நெடுவரிசைக்குத் தனிச் சோதனை வைக்க வேண்டும்: 10 கிராம் மீன், லாக் பி 4-க்கு மேல் என்றால் 620-க்கும் 631-க்கும் இடையில் இல்லாவிட்டால் சிவப்பு. குழப்பத்துக்கு இன்னொரு காரணம், பரவலாகப் பயன்படும் வேறொரு உள்ளெடுப்புச் சமன்பாடு (520 × எடையின் −0.32 அடுக்கு) எடையைக் கிராமில் கேட்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் எடைக்கு இரண்டு நெடுவரிசை வேண்டும், தலைப்பிலேயே அலகு இருக்க வேண்டும்.

அடுத்த பிழை மடக்கை. எக்செல்லில் பத்தடி மடக்கைக்கும் இயல் மடக்கைக்கும் தனித்தனிச் சார்புகள். நிரல் மொழிகள் பலவற்றிலோ வெறும் லாக் என்றால் இயல் மடக்கை. பைத்தானுக்கு மாற்றும்போது இது கண்டிப்பாக ஒருமுறை கடிக்கும்.

இரண்டாவது ஓட்டம்: துளைகளின் பங்கு

விடையைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு துளையும் மொத்த வெளியேற்றத்தில் எத்தனை விழுக்காடு என்ற நெடுவரிசை. இதைச் சேர்க்காத விரிதாள் பாதி விரிதாள்தான்.

ஹெக்சாகுளோரோபென்சீனில் செவுள் 76 விழுக்காடு, மலம் 20, வளர்ச்சி 4. பிசிபி 153 என்ற குளோரினேற்றிய பைபீனைலை (லாக் பி 6.92) அதே வரிசையில் போட்டால் படம் மாறுகிறது: செவுள் 19, மலம் 65, வளர்ச்சி 16. கொழுப்பை இவ்வளவு விரும்பும் பொருளைச் செவுள் திரும்ப நீருக்குத் தள்ளுவது அரிது. பிசிஎஃப் சுமார் 80,500 என்கிறது மாதிரி.

இங்கேதான் கணிப்பையும் ஆய்வக அளவீட்டையும் நேராக ஒப்பிட்டுப் பலர் தடுக்கி விழுகிறார்கள். மொத்த வெளியேற்ற வேகம் 0.0078 என்றால் நிலைத்த அளவின் 95 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ 380 நாள் ஆகும். 28 நாளில் எட்டுவது 20 விழுக்காடுதான். ஹெக்சாகுளோரோபென்சீனே 28 நாளில் 58 விழுக்காட்டைத்தான் எட்டுகிறது. எனவே 28-ஆம் நாள் மீனை எடுத்து அளந்து அதுவே பிசிஎஃப் என்று எழுதிய பழைய பதிவுகளோடு மாதிரி ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. ஒப்பிட வேண்டியது இரு கட்ட வேகங்களையும் பொருத்திக் கண்ட இயக்க பிசிஎஃப்பை.

வளர்ச்சி இன்னொரு பொறி. மேலே உள்ள சமன்பாடு குளிர்நீரில் மெதுவாக வளரும் மீனுக்கு. ஆய்வகத்தில் குட்டி மீனுக்குத் தீனி போட்டு வளர்க்கும்போது நாளொன்றுக்கு 2 விழுக்காடு வளர்ந்தால் என்ன ஆகும்? பிசிபி 153-இன் விடை 80,500-இலிருந்து சுமார் 23,700-க்கு இறங்கும். வளர்ச்சியே இல்லை என்று வைத்தால் 95,900. பொருளும் அதே, தண்ணீரும் அதே. மீன் சாப்பிட்டு வளர்ந்தது மட்டுமே வேறு. வளர்ச்சித் திருத்தம் செய்த மதிப்பா, செய்யாததா என்று குறிக்காத அளவீட்டைத் தரவுத்தொகுப்பில் சேர்க்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீரில் உள்ள கரிமப் பொருளையும் விடக் கூடாது. மாதிரிக்கு வேண்டியது உண்மையில் கரைந்த செறிவு. ஆனால் பகுப்பாய்வுக் கருவி தருவது பெரும்பாலும் மொத்தச் செறிவு. கரைந்த பங்கு = 1 ÷ (1 + 0.35 × துகள் கரிமம் × கெழு + 0.08 × கரைந்த கரிமம் × கெழு). கரிமம் இங்கே லிட்டருக்குக் கிலோ. இரண்டும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் என்றால் பிசிபி 153-இல் 36 விழுக்காடுதான் செவுளுக்குக் கிடைக்கிறது. மொத்தச் செறிவை வைத்து வகுத்தால் பிசிஎஃப் 80,500 அல்ல, 28,900. மீன் கழிவும் மீந்த தீனியும் தொட்டியில் தங்கினால் இந்தப் பங்கு நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் ஓஇசிடி 305 கரிமத்தின் மேல் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது.

மூன்றாவது ஓட்டம்: மீன் சிதைக்கத் தெரிந்த பொருள்

பென்சோ-ஏ-பைரீன், எரிதலில் உருவாகும் பல வளைய ஹைட்ரோகார்பன். லாக் பி 6.13. வளர்சிதை மாற்றம் சுழியம் என்றால் மாதிரி சொல்வது 38,000. இந்த எண்ணோடு எந்த மீனும் ஒத்துவராது. மீனின் கல்லீரல் நொதிகள் இதை ஆக்சிஜனேற்றி, நீரில் கரையும் வடிவுக்கு மாற்றிப் பித்தநீர் வழியே அனுப்பிவிடும்.

நான்காவது துளையைத் திறந்து பார்க்கலாம். அரை ஆயுளை நாளில் போட்டு 0.693-ஐ அதால் வகுத்தால் சிதைவு வேகம். அரை ஆயுள் 100 நாள் என்றால் பிசிஎஃப் 26,900. 10 நாள் என்றால் 7,350. ஒரு நாள் என்றால் 890. லாக் பி ஒரு புள்ளிகூட நகரவில்லை. ‘மிகவும் சேர்வது’ என்ற பட்டியலிலிருந்து ‘சேராதது’ என்ற பட்டியல் வரை இந்த ஒற்றை எண் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாள் அரை ஆயுளில் வெளியேற்றத்தின் 97 விழுக்காட்டுக்கு மேல் சிதைவே. செவுள், மலம், வளர்ச்சி மூன்றையும் தாளிலிருந்து நீக்கினாலும் விடை பெரிதாக மாறாது.

ஆனால் இந்த நிலையில் உள்ளெடுப்பு வேகத்தின் பிழை முழுதாக விடைக்கு வந்துவிடும். சிதையாத பொருளில் உள்ளெடுப்பை மாற்றினால் செவுள்வழி வெளியேற்றமும் கூடவே மாறி ஓரளவு ஈடுகட்டும்: ஹெக்சாகுளோரோபென்சீனுக்கு மேலே சொன்ன 520 சமன்பாட்டைப் போட்டால் உள்ளெடுப்பு 631-இலிருந்து 249-க்கு விழுகிறது, பிசிஎஃப்போ 20,500-இலிருந்து 15,000-க்குத்தான். பென்சோ-ஏ-பைரீனில் அந்தத் தாங்கல் இல்லை, 890 நேராக 350 ஆகிவிடும். சிதையும் பொருள்களுக்கு இரண்டு உள்ளெடுப்புச் சமன்பாட்டையும் ஓட்டி இரு விடையையும் தருவதே நேர்மை.

அரை ஆயுள் எங்கிருந்து கிடைக்கும்? எபி சூட்டின் பிசிஎஃப் பகுதி மூலக்கூறைத் துண்டு துண்டாகப் பிரித்து மீனில் அரை ஆயுளைக் கணிக்கும். ஓபரா என்ற இலவச மென்பொருளும் தரும். இரண்டும் ஐந்து மடங்கு விலகினால் வியப்பில்லை. அடுத்த படி ஆய்வகம்: ஓஇசிடி 319ஏ (ரெயின்போ டிரவுட் கல்லீரல் செல்கள்), 319பி (அதன் கல்லீரல் சாறு). 2018-இல் ஏற்கப்பட்டவை. சோதனைக் குழாயில் பொருள் மறையும் வேகத்தை அளந்து, கல்லீரல் எடை, இரத்த ஓட்டம், புரதத்தில் ஒட்டாத பங்கு ஆகியவற்றால் முழு மீனுக்குப் பெருக்குகிறார்கள். உயிருள்ள மீன் தொட்டியை விட எவ்வளவோ மலிவு.

வேறு எடை, வேறு வெப்பநிலைக்கு மாற்ற: சிதைவு வேகம் × (எடை ÷ 0.01)-இன் −0.25 அடுக்கு × எக்ஸ்ப்(0.01 × (வெப்பநிலை − 15)). ஒரு கிலோ மீனுக்கு இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இதை மறந்து 10 கிராம் மீனின் வேகத்தை அப்படியே பெரிய மீனுக்குப் போடுவது மலிந்த பிழை.

தரவு: அரிசியில் கல் பொறுக்குவது

சொந்தமாகப் புள்ளியியல் மாதிரியோ இயந்திரக் கற்றல் மாதிரியோ பயிற்றுவிப்பதானால் நேரத்தின் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். நிரல் எழுதுவது ஒரு மதிய வேலை.

முதலில் லாக் பி. குடுவையைக் குலுக்கி அளக்கும் முறை (ஓஇசிடி 107) லாக் பி 4 வரைதான் நம்பத்தக்கது. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்டனால் துளிகள் நீரில் மிதந்து, நீரில் பொருள் அதிகம் இருப்பதுபோல் காட்டி, மதிப்பைக் கீழே இழுத்துவிடும். மெதுவாகக் கலக்கும் முறை (ஓஇசிடி 123) 8-ஐத் தாண்டியும் போகும். டிடிடி போன்ற நெடுநாள் ஆராய்ந்த பொருளுக்கே நூல்களில் உள்ள மதிப்புகள் நூறு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. எனவே ஒவ்வொரு லாக் பி-க்கும் பக்கத்தில் அளவு முறையை எழுதும் நெடுவரிசை வேண்டும்.

பிறகு பிசிஎஃப் மதிப்புகள். தள்ள வேண்டியவை: பொருளின் கரைதிறனுக்கு மேலான செறிவில் செய்த சோதனைகள். ஹெக்சாகுளோரோபென்சீனின் கரைதிறன் லிட்டருக்கு 5 முதல் 6 மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராமில் சோதித்ததாகப் பதிவு இருந்தால் பெரும்பகுதி கரையாமல் கிடந்தது என்று பொருள், பிசிஎஃப் பத்து மடங்கு வரை குறைந்து தெரியும். கதிரியக்கக் கரிமம் ஏற்றி மொத்தக் கதிர்வீச்சை மட்டும் எண்ணியவை நேர்மாறு: சிதைந்த துண்டுகளையும் மூலப்பொருளாக எண்ணி விடையை உயர்த்திவிடும். சதைத் துண்டில் மட்டும் அளந்தது, முழு உடலில் அளந்தது, கொழுப்பு அளவே குறிக்காதது — இவை ஒரே நெடுவரிசையில் உட்காரக் கூடாது.

நல்ல ஆய்வகங்கள் இரண்டு ஒரே பொருளை அளந்தாலும் லாக் அளவில் அரைப்புள்ளி வேறுபடுவது அரிதல்ல, அதாவது மூன்று மடங்கு. ஆகவே உங்கள் மாதிரியின் சராசரிப் பிழை லாக் அளவில் 0.2 என்று வந்தால் மகிழ வேண்டாம், தரவு கசிந்திருக்கிறதா, அதாவது சோதனைத் தரவு பயிற்சியிலும் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே பொருள் உப்பாகவும் அமிலமாகவும் இரண்டு ஸ்மைல்ஸ் சரத்தில் (மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளால் குறிக்கும் முறை) எழுதப்பட்டு ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் போயிருக்கும். ஆர்டிகிட் என்ற வேதியியல் நிரல் தொகுப்பில் உப்பு நீக்கி, மின்சுமையைச் சமன்செய்து, ஒரே வடிவ சரமாக்கிய பிறகே நகல்களைத் தேட வேண்டும். தற்செயலாகப் பிரிப்பதும் ஏமாற்றும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான். தரவில் குவிந்திருக்கும் குளோரினேற்றப்பட்ட வளையச் சேர்மங்கள் ஒரு பானை, நீங்கள் கணிக்கப்போவது வேறு பானை. மூலக்கூறுச் சட்டகம் வாரியாகப் பிரித்துச் சோதித்தால் பிழை உயரும். அந்த உயர்ந்த எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது.

வேகா மென்பொருள் இங்கே உதவும். விடையோடு பயிற்சித் தரவில் மிக ஒத்த ஆறு பொருள்களையும், அவற்றின் அளந்த மதிப்பு, கணித்த மதிப்பையும் காட்டும். விடையைப் பார்க்கும் முன் அந்த ஆறையும் பாருங்கள். ஆறில் ஒன்றுகூடக் கேட்ட பொருளைப்போல் இல்லையென்றால் அந்த விடை ஊகமே.

மாதிரி ஓட மறுக்கும் இடங்கள்

அயனியாகும் பொருள். பென்டாகுளோரோபீனால், லாக் பி 5.12, பிகேஏ (பாதி அயனியாகும் பிஎச்) 4.74. பிஎச் 7-இல் நடுநிலை வடிவம் அரை விழுக்காடுதான். வீத் கோட்டில் 5.12-ஐ அப்படியே போட்டால் 4,500. நடுநிலைப் பங்கை மட்டும் கணக்கில் கொண்டு 2.86-ஐப் போட்டால் 54. அளந்தவை இவற்றுக்கு இடையில், சில நூறுகளில் விழுகின்றன. காரணம், அயனி வடிவமும் சிறிது சவ்வுக்குள் போகிறது, செவுளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தின் பிஎச்சும் தொட்டியின் பிஎச்சும் ஒன்றல்ல. இரண்டு விடைகளையும் எல்லைகளாகத் தருவதே இங்கே முடிந்தது. ஏரியின் பிஎச் 8 என்றால் இடைவெளி இன்னும் விரியும்.

பிஎஃப்ஓஎஸ் போன்ற ஃபுளோரின் சேர்மங்களுக்கு இந்த விரிதாளையே திறக்காதீர்கள். சோப்புபோல் ஆக்டனாலுக்கும் நீருக்கும் நடுவே நின்றுகொள்ளும் பொருளுக்கு லாக் பி அளக்கவே முடியாது. மென்பொருள் ஒரு எண்ணைத் தரும், அதற்குப் பொருளில்லை. இவை சேர்வது கொழுப்பில் அல்ல, இரத்தப் புரதத்திலும் கல்லீரலிலும். 2003-இல் வெளியான ரெயின்போ டிரவுட் ஆய்வில் பிஎஃப்ஓஎஸ்ஸின் பிசிஎஃப் உடலில் 1,100, இரத்தத்தில் 4,300, கல்லீரலில் 5,400. அதே ஆய்வில், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ உடலில் வெறும் 4. கரிமச் சங்கிலியில் சிறு வேறுபாடும் முனையில் வேறு அமிலமும்தான், விடையோ நூறு மடங்குக்கு மேல் விலகுகிறது. 5 விழுக்காடு கொழுப்பு என்ற அடித்தளமே இங்கே இல்லை.

குளோரினேற்றிய பாரஃபின் போன்ற கலவைகளுக்குச் சராசரி மூலக்கூறு ஒன்றை வரைந்து ஓட்டுவதும் வேலைக்காகாது. சங்கிலி நீளம், குளோரின் எண்ணிக்கை வாரியாகப் பத்துப் பதினைந்து அமைப்பை வரைந்து தனித்தனியே ஓட்டி, எத்தனை வரிசை 5,000-ஐத் தாண்டுகிறது என்று எண்ண வேண்டும்.

ஆற்றில் பிடித்த மீனோடு இந்த எண்ணை ஒப்பிட வேண்டுமென்றால் விரிதாளில் இன்னொரு குழாய் தேவை. பிசிஎஃப் நீர்வழி மட்டும். லாக் பி 5-ஐத் தாண்டிய, சிதையாத பொருள் இயற்கையில் பெரும்பாலும் இரை வழியாகத்தான் வருகிறது. மலவழி வெளியேற்றத்துக்குக் கணக்கிட்ட அதே உணவுவழி உள்ளெடுப்பை இரையின் செறிவால் பெருக்கி உள்வரவோடு கூட்டி, மொத்த வெளியேற்ற வேகத்தாலும் நீரின் செறிவாலும் வகுத்தால், நீரும் உணவும் சேர்ந்த உயிர்த்திரட்டுக் காரணி கிடைக்கும். இரையின் செறிவுக்கு அதே மாதிரியைச் சிறிய எடையோடு ஒருமுறை ஓட்டி அந்த விடையை இங்கே கொண்டுவரலாம், பிறகு அதை இரையாக வைத்து அடுத்த மீன், அதன்மேல் அடுத்தது. ஒவ்வொரு படியிலும் எடையையும் கொழுப்பையும் மாற்ற மறக்காதீர்கள்.